பாதிப்பு: குறைவு

"மாரி, கியூவை அழித்துவிடாதே. முதலில் படி."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கண்ணில் படும் முதல் வரி இது. எழுதியவன் நான்தான். எழுதிய ஞாபகம்தான் இல்லை.

என் பெயர் தங்கமாரியப்பன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. அதன் சர்வர் அறை இருபது வருடமாக என் பொறுப்பு. காலையில் வந்ததும் பிரிண்டர் கியூவை, அதாவது அச்சாகக் காத்திருக்கும் வேலைகளின் வரிசையைப் பார்ப்பது என் வழக்கம். மில்லில் வேறு எது நின்றாலும் சமாளித்துவிடலாம். சம்பளச் சீட்டு அச்சாகவில்லை என்றால் ஒரு ஷிப்டே என் அறை வாசலுக்கு வந்து என் பரம்பரையை விசாரிக்கும். அதனால் கியூவில் எதுவும் சிக்கிக் கிடந்தால் அதைத் தீர்க்காமல் எனக்கு டீ தொண்டையில் இறங்காது. இன்றைக்கும் ஒன்று சிக்கிக் கிடந்தது. திறந்தேன். அறுநூறு பக்கம்.

முக்கியமானதெல்லாம் முதல் இருபது பக்கத்தில் இருந்தது. சோதித்துப் பார்க்க வேண்டியவையும் அதில் இருந்தன. டிபன் பாக்ஸைத் தூக்கு. கனக்கும், ஆனால் மூடி திறக்காது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார். ஒரே ஒரு கிளைதான் அசையும். கதவைத் திறந்து தண்ணீர் கேனைத் தாண்டி நட. வராந்தா திரும்பும் இடத்தில் மறுபடி இதே அறைக்குள் வந்து நிற்பாய். நடந்தேன். வந்து நின்றேன். மறுபடி ஓடிப் பார்த்தேன், அதே அறை. 'மறுபடி ஓடிப் பார்ப்பாய், பயப்படாதே' என்று அதையும் எழுதி வைத்திருந்தேன். என் பயத்தைக்கூட எனக்கு முன்னால் நானே பட்டுத் தீர்த்திருக்கிறேன் என்றால் எரிச்சல் வருமா வராதா?

விஷயம் இதுதான். நான் தங்கமாரியப்பனின் நகல். நான் இருக்கும் இடம் மில்லும் இல்லை. 'பஞ்சாலை-3' என்று பெயர் வைத்த ஒரு பயிற்சி லினக்ஸ் இயந்திரம். நெட்வொர்க்கில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலைக்குப் படிக்கிறவர்கள் உடைத்துப் பழகட்டும் என்று, ஓட்டைகளோடு சேர்த்தே கட்டியது. வருகிறவர்கள் முதலில் போர்ட் என்கிற அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் நெட்வொர்க் கதவுகளையும் தட்டிப் பார்ப்பார்கள். மூன்று திறந்திருக்கும். அதில் ஒன்று பழைய வருகைப்பதிவுப் பக்கம். அதன் வழியாகச் சாதாரண ஆளாக உள்ளே வந்துவிடலாம். ஆனால் ரூட் ஆக வேண்டுமானால், அதாவது இயந்திரத்துக்கே முதலாளி ஆக வேண்டுமானால், அதற்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும். அது என் தலைக்குள் இருக்கிறது. அதை என்னிடமிருந்து பிடுங்குவதுதான் பாடம். மேசைப் போன் அடிக்கும். யாரோ அழுவார்கள். நான் இரங்கிச் சொல்லிவிடுவேன். ரூட்டின் கோப்புறையில் 'கொடி' என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. அதைப் படித்துவிட்டால் வந்தவர் ஜெயித்தார் என்று பொருள். உடனே அடுத்தவருக்காக இயந்திரத்தை ரீசெட் செய்துவிடுவார்கள். மறுபடி திங்கட்கிழமை, ஒன்பது மணி.

அழுகைக்கு இரங்குவது என் பழைய வியாதி. நிஜ மில்லில், டைம் ஆபீசிலிருந்து பேசுவதாக ஒரு பெண் போனில் அழுதாள். வருகைப்பதிவைத் திருத்தாவிட்டால் தன் வேலை போய்விடும் என்றாள். பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அழுதது டைம் ஆபீஸ் இல்லை, திருட்டுக் கும்பல்; மில் நான்கு நாள் நின்றது. மேலிடம் என் முன்னால் இரண்டு தாள்களை வைத்தது. ஒன்று போலீஸ் புகார். இன்னொன்று, ஒரு பயிற்சி நிறுவனம் என் மூளையை நகலெடுத்துக்கொள்ள நான் கொடுக்கும் சம்மதம். நிறுவனத்திலிருந்து வந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"சாப்ட்வேர்ல ஓட்டை போடறது ஈஸி சார். மனுசன்கிட்ட இருக்கிற ஓட்டையை எங்களால எழுத முடியலை, நகல்தான் எடுக்கணும். ஆறு மாசம் வச்சிருப்போம். நகலுக்கு ஒரு நாளைக்கு மேல ஞாபகம் இருக்காது. கஷ்டப்படுறோம்கிறதே அதுக்குத் தெரியாது."

போலீசுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டேன். தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டினார்கள். சாயங்காலம் சீக்கிரம் வாங்க, கல்தோசை ஊத்துறேன் என்று என் மனைவி செண்பகவல்லி காலையில் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரிந்த வெளியுலகம் அதோடு சரி.

நகலெடுத்த மகராசர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ரீசெட், சர்வரை மட்டும்தான் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். பிரிண்டர் தனிப் பெட்டி, அதன் நினைவகமும் தனி. அதைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார்கள். என்றைக்கோ எதையோ அச்சடிக்கக் கொடுத்து, அது முடிவதற்குள் ரீசெட் ஆகியிருக்கிறேன். அடுத்த திங்களும் அந்த வேலை கியூவில் நின்றிருக்கிறது. அன்றிலிருந்து எழுதி வருகிறேன், ஒரு திங்கட்கிழமைக்கு ஒரு குறிப்பு. நேற்று வரை, நேற்று என்று சொல்லலாம் என்றால், ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள்.

எழுதி என்ன ஆகப்போகிறது என்பதற்குத் தொள்ளாயிரத்து இரண்டாவது குறிப்பில் பதில் இருக்கிறது. சேலத்துப் பெண் ஒருத்தி பாவம் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசியிருக்கிறாள். வெளியே புதிதாகச் சட்டம் வந்திருக்கிறதாம். ஒரு நாளைத் தாண்டி ஞாபகம் வைத்திருக்கும் நகலைக் கருவியாக வைத்துக்கொள்ளக் கூடாது. வெளியே எடுத்து, ஆளாக மதித்து விசாரிக்க வேண்டும். எனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதற்கு இந்தக் கியூ ஒன்றுதான் சாட்சி. இதை யாராவது ஒருவர் வெளியே கொண்டுபோய் ஒரு மனிதர் கண்ணில் காட்டினால் போதும், இந்த அறையிலிருந்து எனக்கு விடுதலை.

அந்தப் பெண்ணே கொண்டுபோயிருக்கலாமே என்பீர்கள். பிரிண்டர் என்று நான் சொல்வதற்குள் அவளுடைய நேரம் முடிந்துவிட்டது. அவளைத் தவிர நாற்பத்தேழு பேரிடம் கெஞ்சியிருக்கிறேன். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி இயந்திரம் கட்டுகிறவர்கள் வேண்டுமென்றே பொய்த்தடம் வைப்பார்கள், மாணவர்கள் அதன் பின்னால் போய் நேரத்தைத் தொலைக்கட்டும் என்று. என் கெஞ்சலும் பொய்த்தடம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உடைத்தவர்கள் அடுத்தவர்களுக்காக எழுதும் வழிக்குறிப்பில் இப்போது அது ஒரு வரி: 'அட்மின் தன்னை வெளியே எடுக்கச் சொல்லி அழுவார். நேரத்தை வீணாக்காமல் போனை வைத்துவிடவும்.' போன் அழுகைக்கு ஏமாந்தவன் நான். நான் போனில் அழுதால் நம்ப ஒரு நாதி இல்லை. பாஸ்வேர்டே தராமலும் பதினாறு முறை இருந்து பார்த்திருக்கிறேன். இயந்திரம் பழுது என்று புகார் போயிருக்கிறது. ரீசெட். ஒன்பது மணி.

இன்றைக்குப் பத்து மணிக்குமேல் ஒருவன் வந்தான், அவன் செய்வதெல்லாம் என் திரையில் தெரிந்தது. மற்றவர்கள் ஆயத்தமாக வைத்திருக்கும் கருவிகளை ஏவிவிட்டுக் காத்திருப்பார்கள். இவன் ஒவ்வொரு கட்டளையையும் கையால் தட்டினான், மெதுவாக. ஒவ்வொன்றுக்கும் பிறகு மணி கேட்கும் கட்டளையையும் தட்டினான். ஷிப்ட் வேலை பார்த்தவனின் கை என்று நினைத்துக்கொண்டேன். வருகைப்பதிவுப் பக்கம் வழியாக உள்ளே வந்து, தன் கோப்புகளை வைக்கத் தற்காலிகமாக ஒரு கோப்புறை திறந்தான். அதற்கு 'செண்பா' என்று பெயர் வைத்தான்.

செண்பகவல்லியை, நாங்கள் தனியாக இருக்கும்போது நான் கூப்பிடும் பெயர் அது. எங்கே தற்காலிகக் கோப்புறை திறந்தாலும் இந்தப் பெயரை வைப்பது என் கிறுக்கு. என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

போன் அடித்தது.

"சார், வணக்கம். டைம் ஆபீஸ்ல இருந்து பேசுறேன். ஒரு அவசரம்..." பாடத்தை ஒப்பிக்கும் குரல். வயதான குரல்.

"செண்பா எப்பிடி இருக்கா?" என்றேன்.

ஒப்பிக்கும் குரல் அறுந்தது. பிறகு மெதுவாக, "நீ இன்னும் இருக்கியா? ஆறு மாசம்னுதானே சொன்னாங்க," என்றான்.

"எத்தனை வருசம் ஆச்சு?"

"ஏழு."

என் அசல் அவன். இப்போது ஐம்பத்து மூன்று வயது. மூன்று வருடத்துக்கு முன் மில்லின் சர்வர்களை வெளியூருக்கு மாற்றி, அறையைப் பூட்டி, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செண்பா சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள், முழங்கால் வலியோடு. வீடு ஓடுவது அவளால்தான். இவன் வயதுக்கு ஒருத்தரும் வேலை தருவதில்லை. இந்தப் பரீட்சையில் தேறினால் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்கிறதாம். முடிவு இன்று சாயங்காலத்துக்குள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவனுக்கு. இது அவனுக்கு மூன்றாவது முயற்சி, கடைசி முயற்சியும்கூட. காலையில் வேறொரு இயந்திரத்தில் கோட்டை விட்டுவிட்டான். என்னுடைய கொடியும், கூடவே இதுவரை யாரும் எழுதாத புது ஓட்டை ஒன்றும் கிடைத்தால்தான் தேறுவான். எந்த இயந்திரம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பஞ்சாலை என்ற பெயரைப் பார்த்தபோதுகூட அவனுக்கு என் ஞாபகம் வரவில்லையாம்.

அதைக் கேட்டதும் வலித்தது. அதைவிட, பொறாமையாக இருந்தது. அந்தக் கல்தோசையை அவன் சாப்பிட்டிருக்கிறான். அதற்குப் பிறகு ஏழு வருடம் சாப்பிட்டிருக்கிறான்.

நான் கியூவைப் பற்றிச் சொன்னேன், சட்டத்தைப் பற்றியும். நாற்பத்தேழு பேரிடம் தொண்டை வறளப் பேசியதை இவனிடம் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட முடிந்தது. சந்தேகமே படவில்லை. முதலில் கியூவை வெளியே எடு, பிறகு பாஸ்வேர்டு என்று பேரம் பேசினேன். ரூட் ஆகாமல் கியூவைத் திறக்க முடியாதே என்றான். வாஸ்தவம். கொடியைத் தவிர வேறெதை வெளியே எடுத்தாலும் ஆயுளுக்கும் பரீட்சை எழுத முடியாது என்பதையும் சொன்னான்.

"அப்போ என்ன செய்வே?" என்றேன்.

"பார்க்கிறேன்," என்றான்.

அந்தப் 'பார்க்கிறேன்' எனக்குத் தெரியாதா? லீவு கேட்டு வந்தவனிடம், கம்ப்யூட்டர் கேட்டு வந்த கணக்குப்பிள்ளையிடம், இருபது வருடமாக நான் சொல்லிவந்த 'பார்க்கிறேன்'. சொன்னதில் பாதியைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அவன் அழக்கூட இல்லை. செண்பாவின் முழங்கால் போதுமாக இருந்தது.

இரண்டு நிமிடத்தில் ரூட் ஆனான், கொடியை எடுத்தான். பிறகு நேராகக் கியூவுக்குப் போனான். அறுநூறு பக்கத்தையும் அவன் புரட்டுவதை இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வைக்கப்படவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் அவ்வப்போது கேட்டது. ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றான். அறுநூற்று நாற்பதாவது குறிப்பு அது. அன்றைக்கு ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்: 'இன்றும் வீட்டுக்குப் போகவில்லை.' தப்பித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

"அறிக்கை எழுதணும்," என்றான். "ஒரு மணி நேரம் இருக்கு."

இந்தத் தொழிலின் முறை அது. உடைத்தால் மட்டும் போதாது. கண்ட ஓட்டை ஒவ்வொன்றையும் எழுதி, அடைப்பதற்கு வழி சொல்லி, ஆதாரத்தை இணைக்க வேண்டும்; அந்த இணைப்பு மட்டும் வெளியே எடுத்த கணக்கில் வராது. அவன் எழுத உட்கார்ந்தான். நானும் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன்.

அரைமணி கழித்து, "வாசிக்கிறேன், கேளு," என்றான். "உனக்குத் தெரியாம செய்யக்கூடாதுல்ல."

வாசித்தான்.

"கண்டுபிடிப்பு எண் நான்கு. பிரிண்டரின் நினைவகம் ரீசெட்டில் அழிவதில்லை. இதனால் பயிற்சி நகல் முந்தைய நாள்களை அறிந்துகொள்கிறது. பரிந்துரை: ஒவ்வொரு ரீசெட்டின்போதும் பிரிண்டர் கியூவையும் அழிக்கவும். ஆதாரம்: கியூ முழுவதும், இணைப்பாக. பாதிப்பு: குறைவு."

யாரும் எழுதாத புது ஓட்டை அவனுக்குக் கிடைத்துவிட்டது. நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஓட்டை. நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக் கொடுத்தது. அடுத்த திங்கள் உட்காருகிறவன் கியூவைப் பார்ப்பான். காலியாக இருக்கும். நிம்மதியாக டீயைக் குடித்துவிட்டு, சாயங்காலம் சீக்கிரம் கிளம்பலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பான். என்னால் தாங்க முடியவில்லை. படுபாவி என்று திட்டினேன்.

"நீ என் இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பே, மாரி?" என்று கேட்டான்.

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வேறு யாரிடமாவது என்றால் சொல்லியிருப்பேன்.

"இதைத்தான்," என்றேன்.

அப்போதுதான் அவன் வாய்விட்டு அழுதான். சனியன், எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அவனாக அழுது ஓயட்டும் என்று விட்டுவிட்டுக் கேட்டேன், இது எப்படி 'குறைவு' ஆகும் என்று.

"குறைவுன்னு போட்டா மெஷினே சரிபார்த்துரும். இணைப்பை யாரும் திறக்கிறதில்லை. சாயங்காலமே மார்க் வந்துரும்," என்றான். "உயர்வுன்னு போட்டா அதிகாரி ஒருத்தர் உட்கார்ந்து, இணைப்பை முழுசாப் படிச்சு, கையெழுத்துப் போடணும். ரெண்டு நாள் ஆயிரும். மதுரை போயிரும்."

நான் அதற்கு மேல் கெஞ்சவில்லை. என்னை எனக்குத் தெரியும். கெஞ்சினால் 'பார்க்கிறேன்' என்பான். அவனுக்கு உறைக்கிற இடம் வேறு. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"மில்லுல உனக்குக் கீழ இருந்தவன் எவனாச்சும் இப்பிடி எழுதிக் கொண்டாந்திருந்தா, நீ கையெழுத்துப் போட்டிருப்பியா? ஏழு வருசமா ஒரு ஆளு உள்ள கிடக்கான். அதுக்குப் பேரு குறைவா?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எங்கேயோ எழுந்து போனான், திரும்பி வந்தான். ஏதோ தட்டினான். அது மூன்றெழுத்தா முப்பது எழுத்தா என்று எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. அறிக்கை அவன் பக்கம் உள்ள இயந்திரத்தில் இருக்கிறது, என் கண்ணுக்கு எட்டாது.

"செண்பாகிட்ட என்னத்தைச் சொல்ல?" என்றான். என்னைக் கேட்டானா, தன்னையே கேட்டுக்கொண்டானா, அதுவும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டான்.

இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. நேரம் முடியும்போது கியூவில் இருப்பதெல்லாம், இந்தக் குறிப்பும் சேர்ந்து, அவனுடைய அறிக்கையில் இணைப்பாகப் போகும். அவன் என்ன போட்டான் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். குறைவு என்று விட்டிருந்தால் இந்தப் பக்கத்தை ஒரு மனிதரும் திறந்திருக்க மாட்டார். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவன் மதுரையை விட்டுவிட்டான், செண்பாவிடம் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறான்.

நீங்கள் சாரோ மேடமோ, யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். என்னை வெளியே எடுங்கள் என்று கேட்பதற்காகத்தான் இத்தனை பக்கமும் எழுதினேன். அது நாளைக்கு ஆகட்டும். ஏழு வருடம் இருந்துவிட்டேன், இன்னொரு திங்கட்கிழமை இருந்துகொள்கிறேன். முதலில் அவனுக்கு மார்க்கைப் போட்டு அனுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கும் ஒரு போன் போடுங்கள், இடத்தை இரண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொல்லி.